காவலூர் இருட்டுக்கு யார் பொறுப்பு?

பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறும் சாலை முழுக்க இருட்டிவிட்டது. மேற்கு வானில் ஒரு புள்ளி ஊர்ந்து வருகிறது. பின்னாலேயே இன்னொன்று, அதற்கும் பின்னால் மற்றொன்று. சிமிட்டல் இல்லை, சத்தம் இல்லை, இறக்கையில் சிவப்பு விளக்கு இல்லை. விமானமாக இருக்க வழியில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவானில் ஒவ்வொன்றாக அணைந்துபோகின்றன. நள்ளிரவில் எழுந்து வந்து தேடினால் அந்த வரிசையைக் காணோம்.

2022 செப்டம்பரில் லக்னோவாசிகள் இப்படி ஓர் ஒளிவரிசையைப் பார்த்துத் திகைத்து, கைபேசியில் படம் பிடித்துப் பரப்பினார்கள். அவை ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் இணையச் செயற்கைக்கோள்கள். பெயர் தெரிந்துவிட்டாலும் புதிர் தீரவில்லை. செயற்கைக்கோளின் வெளியே யாரும் விளக்கு மாட்டி அனுப்புவதில்லை. பிறகு எப்படி ஒளிர்கிறது? நள்ளிரவில் எங்கே போகிறது?

மலையடிவாரத்துக்காரர்களுக்கு விடை தினமும் கண்ணெதிரே நடக்கிறது. ஊரில் விளக்குப் போட்ட பிறகும் எதிரே மலைமுகட்டில் மட்டும் மஞ்சள் வெயில் சிறிது நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே இருப்பவருக்குச் சூரியன் மறைந்துவிட்டது. மேலே இருப்பவருக்கு இன்னும் மறையவில்லை. முகட்டின் உயரம் ஆயிரம் மீட்டர். அதையே 550 கிலோமீட்டராக உயர்த்திப் பார்த்தால் ஸ்டார்லிங்க் கிடைத்துவிடும். தரையில் சூரியன் மறைந்த பிறகும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தலைக்கு நேர்மேலே அந்த உயரத்தில் வெயில் அடிக்கிறது. உலோகத் தகட்டிலும் சூரிய மின்பலகையிலும் பட்டுத் தெறிக்கும் அந்த வெயில்தான் புள்ளியாகத் தெரிகிறது. செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் நுழையும் கணத்தில் புள்ளி அணைகிறது. விடியலுக்கு முன் இதே கதை தலைகீழாக நடக்கும். ஐரோப்பாவின் வடபகுதியில் கோடைக்காலத்தில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை என்பதால், அங்கே இரவு முழுக்கவே இவை தெரியும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தமிழ்நாட்டுக்கு நள்ளிரவாவது மிஞ்சுகிறது.

இத்தனை தாழ்வாக, இத்தனை ஆயிரம் எதற்கு? இதற்குப் பதில் சொல்ல 1945-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் ஒரு யோசனை எழுதினார். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் சுற்றும்; தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுதும் ஒலிபரப்பலாம் என்றார். முதல் செயற்கைக்கோள் பறக்க அப்போது இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

இந்தக் கனவை இந்தியா சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. விக்ரம் சாராபாய் அதைக் கிராமத்துக்குத் திருப்பினார். அவர் மறைந்த பிறகு, 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கிப் பயன்படுத்தி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது இஸ்ரோ. வேளாண்மை, உடல்நலம், பள்ளிப்பாடம் எல்லாம் வந்தன. அப்போது கொழும்பில் குடியிருந்த கிளார்க்கின் வீட்டு மாடியிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் ஏற்பித்தட்டை நிறுவிக் கொடுத்தார்கள். எழுதியவர் வீட்டுக்கே எழுத்து வந்து சேர்ந்தது.

ஒலிபரப்புக்கு அந்த உயரம் போதும். இணையத்துக்குப் போதவில்லை. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும், 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க கால் நொடி ஆகிறது. கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. காணொளியில் பேசுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்க வேண்டும். செயற்கைக்கோளை 550 கிலோமீட்டருக்கு இறக்கிவிட்டால் இந்தத் தாமதம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் தாழ்ந்து பறப்பது ஓரிடத்தில் நிற்காது. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். ஒரே நேரத்தில் அதன் கண்ணில் படும் நிலப்பரப்பும் சிறியது. ஒன்று மறைவதற்குள் அடுத்தது வந்தாக வேண்டும். மூன்று போதும் என்ற கணக்கு ஆயிரக்கணக்காக மாறியது இப்படித்தான்.

2019 தொடக்கத்தில் வானில் இயங்கிக்கொண்டிருந்த எல்லா நாட்டுச் செயற்கைக்கோள்களும் சேர்ந்தே ஏறத்தாழ 2,000. அந்த ஆண்டு மே மாதம் ஸ்டார்லிங்க் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஏவியது. 2025-இல் அந்த ஒரு நிறுவனத்துடையவை மட்டும் 8,000-ஐத் தாண்டிவிட்டன. அமேசானுக்கு 2020-இல் 3,236 வரை அனுமதி கிடைத்தது. அடுத்தவரை மட்டும் கை காட்டுவதும் நியாயமில்லை. ஒன்வெப் நிறுவனத்தின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றிவிட்டது நம்முடைய எல்விஎம்-3 ராக்கெட்தான். அவை 1,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உயரம் கூடியதால் ஒவ்வொன்றும் சற்று மங்கல். ஆனால் இரவுக்குள் இன்னும் அதிக நேரம் வெயிலில் நிற்கும்.

இந்தப் புள்ளிகள் ஜவ்வாது மலைக்கு ஏன் கவலை தர வேண்டும் என்பதற்குக் காரணம், ஆலங்காயத்துக்கு அப்பால் காட்டுக்குள் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது: காவலூர் வானாய்வகம்.

சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு, கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தபோது, நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கென்று தனி இடம் தேடினார். வடவானமும் தென்வானமும் ஒருசேரத் தெரிய வேண்டும். ஆகவே தெற்கே வர வேண்டும். நகர வெளிச்சம் கூடாது. காவலூர் அகப்பட்டது. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்ட வேண்டும் என்பதில் பாப்பு பிடிவாதமாக இருந்தார். அது முடிவதற்குள், 1982-இல், காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்து, தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். இருட்டுக்குப் பழகிய மனிதக் கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது அந்த ஆடி.

இங்கே அறிவு எந்த உருவத்தில் வந்து சேர்கிறது என்பதற்கு 1977 மார்ச் 10 இரவு நல்ல சாட்சி. யுரேனஸ் கோள் அன்று ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகவிருந்தது. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் ஒளி அளவு தொடர்ந்து பதிவாகிக்கொண்டிருந்தது. கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளி சட்டென்று சில நொடிகள் சரிந்து, மீண்டும் பழைய நிலைக்கு ஏறியது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்தச் சரிவை வைத்து, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே நிகழ்வை இந்தியப் பெருங்கடலின் மேல் பறக்கும் தொலைநோக்கியிலிருந்து பதிவு செய்த அமெரிக்கக் குழுவின் அளவீடுகளும் சேர்ந்தபோது, மறைத்தது துணைக்கோளன்று, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்று தெளிவாயிற்று. சனிக்கு மட்டும்தான் வளையம் என்ற பாடம் அன்றோடு முடிந்தது. சில நொடிகள், சிறிதளவு ஒளி. கைக்கு வந்தது அவ்வளவுதான்.

1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் இங்குள்ள ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர் (எண் 4130). சிறுகோள் தேடும் முறை எளிது. வானின் ஒரே பகுதியை இடைவெளி விட்டுப் படமெடுத்து, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நட்சத்திரங்கள் நிற்கும்; சிறுகோள் நகர்ந்திருக்கும். இந்த வேலைக்குத்தான் புதிய புள்ளிகள் இடைஞ்சல். தலைக்கு மேல் செல்லும் ஸ்டார்லிங்க் முழுநிலவின் அகலத்தை ஒரு நொடிக்குள் கடந்துவிடும். பல நிமிடம் திறந்திருக்கும் படத்தில் அது குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு கிழித்துவிட்டுப் போகும். கோடு விழுந்த இடத்தில் எது இருந்ததோ அது போயிற்று.

எவ்வளவு போயிற்று என்று கணக்கிட்டும் இருக்கிறார்கள். ஹபிள் தொலைநோக்கி 2002 முதல் 2021 வரை எடுத்த படங்களைச் சலித்துப் பார்த்ததில், 2.7 விழுக்காடு படங்களில் செயற்கைக்கோள் கோடு விழுந்திருந்தது. ஹபிள் விண்வெளியில் இருப்பது. பார்ப்பதோ வானின் சிறு துண்டு. சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வெரா ரூபின் ஆய்வகம் போல வானத்தை அகல வாரிப் படமெடுப்பவற்றுக்குச் சேதம் இன்னும் கூடுதல். சூரியன் இருக்கும் திசையிலிருந்து பூமியை நெருங்கும் சிறுகோள்களை அந்தியிலும் விடியலிலும் மட்டுமே தேட முடியும். செயற்கைக்கோள்கள் பளபளப்பதும் அதே வேளையில்தான். வம்பை விலைக்கு வாங்கியது போலாகிவிட்டது.

வானத்தை மட்டும் குறை சொன்னால் பாதிக் கதைதான். தரை வெளிச்சம் பழைய எதிரி. காவலூரைச் சுற்றிக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் எல்லாம் வளர்ந்துவிட்டன. எல்இடி விளக்கு வந்தபோது மின்சாரமும் மிச்சமாகும், ஊரும் பிரகாசமாகும் என்ற வாக்குறுதி கூடவே வந்தது. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்இடியாக மாறின. மின்சாரம் மிச்சமானது உண்மை. ஆனால் வெள்ளை எல்இடியில் நீல ஒளி அதிகம். பகல் வானத்தை நீலமாக்கும் அதே சிதறலால், நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறி வானம் முழுதும் பரவுகிறது. மலைக் குக்கிராமத்துத் தெருவிளக்கு ஒன்றை நின்று பார்த்தால் போதும். கம்பத்தில் குழாயை வளைத்து, விளக்கை மேல்நோக்கிச் சாய்த்து மாட்டியிருப்பார்கள். அது வேலிக்கு அப்பால் இருக்கும் சாமைக் கொல்லைக்கும், எதிர் மரத்தின் உச்சிக்கும், வானத்துக்கும் வெளிச்சம் போடுகிறது. தெருவுக்கு மிச்சம்தான்.

வானம் வெளுப்பதை எப்படி அளக்கிறார்கள்? விண்ணிலிருந்து இரவுப் பூமியைப் படமெடுத்த செயற்கைக்கோள் கணக்குப்படி, 2012 முதல் 2016 வரை வெளிச்சம் ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில் கூடியது. பெரிதாகப் பயப்பட ஏதுமில்லை என்று தோன்றும். 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் கிறிஸ்டோபர் கைபா குழுவினர் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தார்கள். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்து, கையிலிருந்த நட்சத்திர வரைபடங்களில் எது ஒத்துப்போகிறது என்று குறித்து அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் அவை. அதன்படி வானம் ஆண்டுக்கு 9.6 விழுக்காடு வெளுத்திருந்தது. எட்டு ஆண்டுக்குள் இரு மடங்கு. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்குப் 18 வயதாகும்போது 100 மட்டுமே தெரியும்.

இரண்டு கணக்கும் ஏன் இப்படி முரண்பட வேண்டும்? அந்தச் செயற்கைக்கோளின் உணர்கருவிக்கு நீல ஒளி தெரியாது. மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றி வெள்ளை எல்இடி மாட்டினால், அதன் பார்வைக்கு ஊர் இருண்டதுபோலக்கூடத் தோன்றும். பக்கவாட்டில் பரவும் ஒளியையும் அது சரியாகப் பார்ப்பதில்லை. விலையுயர்ந்த கருவி கோட்டைவிட்டதை மொட்டைமாடியில் நின்ற பள்ளிப் பிள்ளை பிடித்துவிட்டது.

இதையெல்லாம் முன்பே யோசித்திருக்கக் கூடாதா என்ற கேள்வி எழும். இங்கேதான் ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றிய கனவு அந்தத் தொழில்நுட்பத்துக்கு முன்பே வந்து செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஹார்வர்டின் ஷீலா ஜசனாஃபும் சாங்-ஹ்யுன் கிம்மும் 2009-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் ‘சமூகத் தொழில்நுட்பக் கற்பனை’ எனலாம். ஒரு சமூகம் நல்ல எதிர்காலம் என்று எதை நம்புகிறதோ, அரசும் நிறுவனங்களும் எந்தப் படத்துக்குப் பணமும் சட்டமும் ஒதுக்குகின்றனவோ, அந்தக் கூட்டுப் படம். அணுசக்தியை எடுத்துக்கொண்டு அவர்கள் ஒப்பிட்டார்கள். கருவி ஒன்றுதான். அமெரிக்கா அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய ஆபத்தாகப் பார்த்தது. தென்கொரியா நாட்டை வளர்க்கும் சக்தியாகப் பார்த்தது. சட்டமும் போராட்டமும் அதற்கேற்ப வேறுவேறாயின.

காவலூரும் அப்படிப்பட்ட ஒரு கனவின் பிள்ளைதான். சொந்தக் கையால் பெரிய தொலைநோக்கி கட்டும் இந்தியா என்ற படம் அதற்குப் பின்னால் இருந்தது. எங்கும் இணையம் என்ற படம் இப்போது அதன் தலைக்கு மேலே பறக்கிறது.

கனவு தவறிப்போனாலும் இரும்பு மிஞ்சும். 1998-இல் 66 செயற்கைக்கோள்களுடன் சேவை தொடங்கிய இரிடியம், உலகின் எந்த மூலையிலும் தொலைபேசி என்றது. மறு ஆண்டே திவாலானது. அதன் செயற்கைக்கோள்கள் அடுத்த இருபது ஆண்டுக் காலம் பளிச்பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தன. 1993-இல் ரஷ்யா ‘ஸ்னாம்யா’ என்ற 20 மீட்டர் ஆடியை விண்ணில் விரித்து, இரவுப் பூமியின் மேல் சூரிய ஒளியைத் திருப்பிப் பார்த்தது. இன்று ரிஃப்ளெக்ட் ஆர்பிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் அதையே வியாபாரமாகச் செய்யக் கிளம்பியிருக்கிறது. இரவில் வெயில் விற்பனைக்கு! சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள் என்பதும் முன்பு கனவாகத்தான் இருந்தது.

டேவிட் காலிங்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1980-இல் இந்தச் சிக்கலைத் துல்லியமாகச் சொன்னார். தொழில்நுட்பம் புதிதாக இருக்கும்போது அதை மாற்றுவது எளிது. என்ன தீங்கு வரும் என்பது தெரியாது. தீங்கு தெரியவரும்போது அது எங்கும் வேரோடியிருக்கும். மாற்றச் செலவு தாங்காது. 2019 மே மாதம் முதல் 60 பறந்த சில நாளிலேயே வானியலாளர்கள் கூக்குரல் எழுப்பினார்கள். அப்போது வெறும் 60. கறுப்புப் பூச்சு பூசிய ஒன்று 2020 ஜனவரியில் பறந்தது, பிறகு நிழல்மறைப்பு மாட்டிப் பார்த்தார்கள், ஓரளவு மங்கியது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் கேட்பது பொலிவெண் 7. வானியலில் எண் கூடக்கூட ஒளி குறைவு. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி எண் 6. கண்ணுக்குத் தெரியாதபடி பறக்கவிடுங்கள் என்பதே கோரிக்கையின் சாரம். இது வேண்டுகோளாக இருக்கிறதே தவிர, உலகம் முழுமைக்குமான சட்டமாக இல்லை. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை எல்லா நாடுகளுக்கும் விண்வெளி திறந்தது என்கிறது; தனியார் செய்வதற்கு அவரவர் நாடே பொறுப்பு என்கிறது. வெளிச்சம் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல், ஜமுனாமரத்தூர் பக்கம் பல குக்கிராமங்களுக்குக் கைபேசி அலை இன்றும் ஒழுங்காக எட்டுவதில்லை. இணையம் இல்லாமல் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது. ரேஷன் கடைக் கருவிக்கும் அலை வேண்டும். கோபுரம் நட முடியாத பள்ளத்தாக்குக்கு மேலிருந்து இணையம் வந்தால் அதை வேண்டாம் என்று சொல்ல, கீழே நகரத்தில் இருந்துகொண்டு எவருக்கும் உரிமை இல்லை. அதே நேரம், விளம்பரத்தில் மலைக்கிராமத்துப் பிள்ளையின் படத்தைப் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்காகத்தான் எல்லாம் நடக்கிறது என்று ஆகிவிடாது. மாதக் கட்டணத்தை அந்த வீட்டார் கட்ட முடியுமா என்பதும், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இணையம் தரும் அரசுத் திட்டம் அந்த வீட்டு வாசல்வரை வருமா என்பதும் படத்துக்கு வெளியே நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக இந்த வானத்தின் கீழ் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம், இணையத்தைப் பற்றியும் சரி, இருட்டைப் பற்றியும் சரி, கருத்துக் கேட்க எந்த ஏற்பாடும் இல்லை.

கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு லடாக்கில் ஒரு மாதிரி இருக்கிறது. காவலூரை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு ஹான்லேயிலும் ஆய்வகம் உண்டு. 2022 டிசம்பரில் அதைச் சுற்றிய 1,073 சதுர கிலோமீட்டர் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் 24 பேருக்கு வானியல் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். அவர்கள் வரும் பயணிகளுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுவதில் அவர்களுக்கே லாபம் இருக்கிறது. ஹான்லே ஆளரவம் குறைந்த குளிர்ப்பாலை, ஜவ்வாது மலை மக்கள் நெருங்கி வாழும் இடம் என்பது உண்மைதான். ஆனாலும் தெருவிளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, தொப்பி மாட்டி, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் விளக்குப் போடுவதை இங்கேயும் ஊராட்சிகள் செய்யலாம். அதனால் தெரு இருண்டுவிடாது. வானத்துக்குப் போன வெளிச்சம் தெருவுக்குத் திரும்பும்.

மேலே பறப்பதை ஊராட்சி திருப்ப முடியாது. அதற்கு டெல்லிதான் வழி. 2025 ஜூனில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஸ்டார்லிங்குக்கு உரிமம் கொடுத்தது. ஜூலையில் விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அனுமதி வந்தது. தரவு நாட்டுக்குள் இருக்க வேண்டும், பாதுகாப்பு அமைப்புகள் கேட்டால் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் பேசப்பட்டன. அமெரிக்கா 2022 டிசம்பரில் ஸ்டார்லிங்கின் இரண்டாம் தலைமுறைக்கு அனுமதி தந்தபோது, வானியல் ஆய்வகங்களுக்கு இடையூறு வராதபடி தேசிய அறிவியல் அறக்கட்டளையுடன் இணைந்து நடக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையில் சேர்த்தது. இந்தியச் சந்தை எந்த நிறுவனமும் இழக்க விரும்பாத சந்தை. அடுத்த உரிமத்தில் பொலிவெண் 7 என்று ஒரு வரி சேர்க்கச் செலவு எதுவும் இல்லை. இந்திய வானியற்பியல் நிறுவனத்தோடு கலந்தாலோசித்து அதை இப்போதே சேர்க்க வேண்டும்.